கறாரக்கா பிரித்துப் போட்ட பாதை

கல் பாவுகிற வேலையில் அவளுக்கு ஈடுசொல்ல அந்தச் சுற்றுவட்டாரத்தில் நாலு பேர் தேறினால் அதிகம். இருந்தும் அவளை வேலைக்குக் கூப்பிடுவதற்கு முன்னால் ஆட்கள் ஒருமுறைக்கு இருமுறை யோசித்தார்கள். பிடிவாதம் அப்படி. ஒரு வீட்டுக்காரர், அடியில் ஜல்லியும் மணலும் எதற்கு, மண்மேலேயே கல்லை அடுக்கிவிட்டுப் போ என்று சொன்னதற்கு, அவள் கடப்பாரை, திமிசுக்கட்டை, ரசமட்டம் எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். தெருமுனை வரைக்கும் பின்னாலேயே ஓடிவந்து கெஞ்சினாராம் அந்த மனிதர். அதிலிருந்து அவளுக்குக் 'கறாரக்கா' என்றே பெயர் நிலைத்தது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளுக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றாது.

அவளுக்குப் பதினேழு வயதும் தம்பிக்குப் பதினைந்தும் நடந்தபோது அப்பா போய்ச் சேர்ந்தார். இருவரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். தம்பி கையில் கொத்தனாரின் கரணையைக் கொடுத்தார்கள், அக்கா தலையில் கலவைச் சட்டியை ஏற்றினார்கள். யாரும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை, அவள் உட்பட. சட்டியை இறக்கிவைத்துவிட்டு மூச்சு வாங்குகிற நேரத்தில் கொத்தனார்களின் கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நூல் எப்படிக் கட்டுகிறார்கள், கல்லின் எந்த மூலையில் தட்டினால் எந்த மூலை எழும்புகிறது, தண்ணீர் ஓடுவதற்கு எவ்வளவு வாட்டம் வைக்கிறார்கள் என்றெல்லாம் கண்ணாலேயே கற்றுக்கொண்டாள். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்துத் தம்பி தனியாக வேலை எடுத்து மேஸ்திரி ஆனபோது, அவனுக்குப் பாதி வேலையை அவள்தான் பாவிக் கொடுத்தாள். அவன் வாசலில் நின்று வீட்டுக்காரர்களிடம் பேசிக்கொண்டிருப்பான். பாராட்டு வந்தால் அவன் தோளில் விழும். சம்பளப் பட்டியலில் அவள் அப்போதும் சித்தாள்தான்.

வெடித்தது ஒரு பள்ளிக்கூட முற்றத்தில். நூற்றைம்பது கல். வேலை முடிந்த அன்று நிர்வாகி வந்து பார்த்துவிட்டு மேஸ்திரியின் கையைக் குலுக்கி, என்ன நேர்த்தி என்று வியந்தார். எல்லாம் கைப்பழக்கம் சார் என்று அவன் பல்லெல்லாம் தெரியச் சொன்னான். அவள் சட்டியைத் தொப்பென்று கீழே வைத்தாள்.

"இதுல நீ வச்ச கல்லு எதுன்னு ஒண்ணே ஒண்ணு தொட்டுக் காட்டு, பாக்கலாம்."

அத்தனை பேர் நடுவில் அவன் முகம் செத்துப்போனது. "சித்தாளு சித்தாளா இருந்தா போதும்" என்றான். அன்றைக்கு வெளியேறியவள்தான். பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

பேச்சுதான் இல்லையே தவிர, ஒருவருக்கொருவர் குழி பறிப்பதில் குறை வைக்கவில்லை. அக்காவுக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது, பாவம் என்று அவன் போகிற இடமெல்லாம் சொன்னான். அந்தப் 'பாவம்'தான் அவளைக் கொன்றது. திட்டியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். பரிதாபப்பட்டுச் சொன்னதால் எல்லோரும் நம்பினார்கள். பெரிய வேலைகள் நின்றுபோய், பின்கட்டு, துணி துவைக்கிற இடம் என்று சில்லறை வேலைகள்தான் அவளுக்குக் கிடைத்தன. அவளும் சும்மா இருக்கவில்லை. பெரிய பூங்கா ஒன்றுக்குத் தம்பியைப் பேசி வைத்திருந்த இன்ஜினியரைத் தேடிப்போய், அவன் கல்லுக்கு நாலு மூலையில் மட்டும் கலவை வைத்து நடுவில் பொந்தாக விட்டுவிடுவான் என்று சொல்லிவிட்டு வந்தாள். அது பச்சைப் பொய். அவன் வாய் எப்படியோ, ஒரு நாளும் அப்படி வேலை செய்தவனில்லை. பூங்கா கைவிட்டுப் போனது. செய்தி கேட்ட அன்று அவள் வயிறார உண்டாள். அவள் கணவன், பஸ் டெப்போவில் டயர் மாற்றுகிறவன், வாயில்லாப் பூச்சி, அவனே அன்றைக்கு, இது நமக்கு வேண்டாத வேலை என்று முணுமுணுத்தான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்தத் தோட்ட வீட்டு வேலை வந்தது.

வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதமாக ஆஸ்பத்திரியில் இருந்தார். பத்து நாளில் சக்கர நாற்காலியில் வீடு திரும்பப்போகிறார். முன்வாசலில் ஐந்து படி, நாற்காலி ஏறாது. பின்பக்கம் தையல் மெஷின் போட்டிருந்த சின்ன அறையைக் காலிசெய்து, சுவருக்கு வெள்ளையடித்துக் கட்டில் போட்டிருந்தார்கள். புது நாற்காலி பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல் அங்கே நின்றது. கேட்டிலிருந்து அந்த அறை வாசல் வரைக்கும் அறுபது அடி தோட்டத்தில் வழுவழுவென்று ஒரு கல்பாதை வேண்டும். வீட்டம்மா விசாரித்துக் கறாரக்காவைப் பேசியிருந்தார். வெளியூரில் இருக்கும் மகன், அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஃபோனிலேயே மேஸ்திரியைப் பேசிவிட்டான்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்குத் தள்ளுவண்டி ஒரு பக்கமும் மேஸ்திரியின் சின்ன லாரி இன்னொரு பக்கமும் வந்து அதே கேட்டில் நின்றன. அவனோடு இரண்டு ஆட்கள். அவள் தனியாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் வீட்டம்மாவை மட்டும் பார்த்தார்கள்.

வீட்டம்மா இளகிய மனசுக்காரர் இல்லை. இரண்டு மாதம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து உட்கார்ந்து இருந்த கொஞ்ச இளக்கமும் காய்ந்துபோயிருந்தது. இரண்டு பேரும் தாங்கள்தான் முதலில் பேசப்பட்டவர்கள் என்று சொன்னதைக் கேட்டார். யாராவது ஒருவர் போங்கள் என்றார். யாரும் நகரவில்லை.

"சரி. நீ வீட்டுப் பக்கத்துலேர்ந்து வா. நீங்க கேட்டுப் பக்கத்துலேர்ந்து வாங்க. நடுவுல அந்த எலுமிச்ச மரத்துகிட்ட சேரணும். நாற்காலி தடங்கல் இல்லாம உருளணும். சண்ட போடறதுன்னா தெருவுல போய்ப் போடுங்க."

'நீ' என்றது அக்காவை, 'நீங்க' என்றது மேஸ்திரியை. சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வேலை ஆரம்பித்தது. இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை, ஆனால் தோட்டத்தில் பேச்சு ஓயவில்லை. எல்லாம் ஜாடைப் பேச்சு. அவன் தன் ஆளைப் பார்த்து, சில பேர் மட்டம் பார்க்கிறேன் என்று மூணு நாளை ஓட்டுவார்கள், நாம் அப்படி இல்லையப்பா என்பான். அவள் கடப்பாரையிடம், வாயாலேயே கல் பாவுகிறவர்களை நாம் எவ்வளவு பார்த்திருக்கிறோம் என்பாள். அவன் ஆட்கள் இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு மண்ணைத் தோண்டினார்கள்.

வீட்டு வாசல் உயரம், கேட் தாழ்வு. எவ்வளவு தாழ்வு என்று அளந்து, அந்த வித்தியாசத்தை அறுபது அடிக்கும் பங்கு பிரித்து வாட்டம் கொடுத்தால்தான் பாதை சீராக இறங்கும். அதற்கு டியூப் மட்டம் பார்க்க வேண்டும். கண்ணாடி மாதிரி தெரிகிற நீண்ட ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் இரண்டு இடத்தில் பிடித்தால், தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். பிடிக்க இரண்டு பேர் தேவை. அவன் தன் ஆளை வைத்துக் காலையிலேயே பார்த்து, தன் பாதிக்குத் தோட்டச் சுவரில் வெள்ளைச் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டான். அந்தக் கோட்டைப் பார்த்து அவளும் தன் கோட்டைத் தொடர்ந்திருக்கலாம். செத்தாலும் செய்வாளா? அவன் ஆட்களில் ஒருவனைக் குழாய் பிடிக்கக் கூப்பிடவும் மனசு வரவில்லை. கேட் தூணில் ஆணியடித்துக் குழாயின் ஒரு முனையைக் கட்டிவிட்டு, இந்த முனையைத் தானே பிடித்து அளந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. பின்னால் அவன் ஏதோ சொல்ல ஆட்கள் சிரித்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு செங்கல் துண்டால் தன் பாதிக்குச் சிவப்புக் கோடு போட்டாள்.

பிறகு ஐந்து நாள் தலை நிமிரவில்லை. மண்ணைத் தோண்டி, ஜல்லி பரப்பி, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கி, அதன்மேல் மணலைத் தட்டி நிரவி, ஒவ்வொரு கல்லாக வைத்தாள். இரண்டடிச் சதுரக் கல், ஆள் பாரம். தூக்க ஆள் இல்லாததால் மூலைமேல் நிறுத்தி, மூலை மாற்றி மூலை ஊன்றி, குழந்தையை நடை பழக்குவது போல நடத்திக் கொண்டுவருவாள். இறக்கியதும் ரப்பர் சுத்தியலால் தட்டுவாள். சத்தம் கெட்டியாக வந்தால் சரி, பொள்ளென்று வந்தால் எடுத்து மறுபடியும் மணல் போடுவாள். மூன்று பேர் வேலை செய்ததால் மேஸ்திரி வெள்ளிக்கிழமையே எலுமிச்சை மரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டான். அதற்கு அப்பால் ஒரு கல்கூட வைக்கவில்லை. மணல் குவியல்மேல் சாய்ந்து உட்கார்ந்து அவள் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை பகல் அவள் மரத்துக்கு ஓரடி தூரத்தில் வந்து நின்றாள். அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அவள் கடைசிக் கல் அவன் கடைசிக் கல்லைவிட இரண்டு விரல் உயரத்தில் இருந்தது. சுவரில் சிவப்புக் கோடு வந்து முடிகிற இடமும் வெள்ளைக் கோடு தொடங்குகிற இடமும் முதல் நாளிலிருந்தே அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தன, அவரவர் கோட்டைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

வீட்டம்மா வெளியே வந்தார். உறை போட்ட நாற்காலியை அறையிலிருந்து உருட்டிக்கொண்டு அவள் போட்ட கற்கள்மேல் கடைசி வரைக்கும் வந்து நிறுத்தினார். நாற்காலியின் முன்சக்கரம் உள்ளங்கை அகலம்தான். இரண்டு விரல் மேட்டில் அது இறங்கினால் உட்கார்ந்திருப்பவர் முகங்குப்புற விழுவார். யாருடைய மட்டம் தப்பு என்று கேட்டார். என்னுடையது சரி என்று இரண்டு பேரும் சொன்னார்கள்.

"புதன்கிழம அவரு வர்றாரு. இது இப்படியே கெடந்தா நான் மூணாவது ஆளக் கூட்டிட்டு வந்து மொத்தத்தையும் பேத்துப் போடச் சொல்லுவேன். ரெண்டு பேர் பேரும் நாறும்."

மேஸ்திரி ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு ஆட்களோடு சாப்பிடப் போனான். அவள் போகவில்லை. குழாயை எடுத்து முழுக்கத் தண்ணீர் விட்டு நிரப்பி, மட்டத்தைப் பொய்யாக்குகிற காற்றுக் குமிழி ஒன்றுகூட உள்ளே இல்லாமல் வழித்து வழித்து வெளியேற்றினாள். பிறகு வீட்டம்மாவிடம் போய், கொஞ்சம் கேட் தூணிடம் நின்று ஒரு முனையைப் பிடிக்கிறீர்களா என்று கேட்டாள். வீட்டம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டே வந்து பிடித்தார். ஒருமுறை அளந்தாள். இடம் மாற்றி இன்னொருமுறை. மூன்றாம் முறையும் அதே கணக்குதான் வந்தது. வெள்ளைக் கோடு சரி. முதல் நாள் வெயிலில், எரிச்சலில், குமிழி போயிற்றா என்று பார்க்காமலேயே அவள் அளந்திருக்கிறாள். இருபத்தைந்து வருடத் தொழிலில் செய்யாத தப்பு. பார்த்துப் பார்த்து இந்த ஆளுக்கு எதிரிலா செய்ய வேண்டும்?

"அப்போ யாரோடது தப்பு?" என்றார் வீட்டம்மா.

குழாயைச் சுற்றிக்கொண்டே நின்றாள். சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். நடுவில் இரண்டு பேரும் ஒவ்வொரு விரல் விட்டுக்கொடுப்போம் என்று சமாளிக்கலாம். வீட்டம்மாவுக்கு மட்டமும் தெரியாது, ஒன்றும் தெரியாது.

"என்னோடதுதான்."

"மொத நாளே பாத்திருக்கலாம்ல?"

அவ்வளவுதான். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை அந்த அம்மாள். உள்ளே போய்விட்டார்.

மேஸ்திரி திரும்பி வந்தபோது அவள் தன் கடைசிக் கல்லுக்கு அடியில் கடப்பாரையை நுழைத்து நெம்பிக்கொண்டிருந்தாள். பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. மணல் குவியலில் வசதியாக உட்கார்ந்துகொண்டான். ஆட்களையும் பக்கத்தில் உட்காரவைத்தான். வீட்டு வாசலை ஒட்டிய சில கற்களைத் தவிர, கல்லை எடுத்து அடி மணலைச் சுரண்டி இறக்கித் திரும்பவும் வைக்க வேண்டியது இருபத்திரண்டு.

முதல் கல் புரண்டதும், "ஒண்ணு" என்றான் சத்தமாக.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு. மூன்று. ஒவ்வொரு கல்லுக்கும் அவன் ராகம் போட்டு எண்ணினான். ஐந்தாவது கல்லுக்கு, இந்த வேகத்தில் போனால் வீட்டுக்காரர் எழுந்து நடக்கவே ஆரம்பித்துவிடுவார் என்றான். சின்ன ஆள் சிரித்தான். ஏழாவது கல்லுக்கு, கை நடுக்கம் என்று நான் சொன்னது பொய்யா என்று காற்றிடம் கேட்டான். அவள் காது மடலெல்லாம் எரிந்தது. கடப்பாரையைத் திருப்பி அவன் மண்டையில் போட்டால் என்ன என்று ஒரு கணம் உண்மையாகவே நினைத்தாள். கை கடப்பாரையை விடவில்லை, கல்லைத்தான் நெம்பியது.

பன்னிரண்டாவது கல் புரண்டபோது அவனுடைய பெரிய ஆள் எழுந்து வந்து குனிந்து பார்த்தான். கல் இருந்த இடத்தில் மணல் படுகை தரை போட்ட மாதிரி இறுகிக் கிடந்தது. கல்லின் அடிமுகம் ஒரு மூலை விடாமல் அச்சாகப் பதிந்திருந்தது. எங்கும் பொந்து இல்லை. அவன் மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தான். மேஸ்திரிக்கும் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. அதுவே அவனைக் கிளறிவிட்டதோ என்னவோ, எழுந்து நின்றான். பதினோரு வருடத்தில் முதல்முறையாக நேராக அவளைப் பார்த்துப் பேசினான்.

"உன் மணல் படுகை மட்டும் ஒழுங்கு. நான் நாலு மூலைக்குக் கலவ வச்சு ஏமாத்தறவன். அப்படித்தான இன்ஜினியர்கிட்ட போய்ப் போட்டுக் குடுத்த? இல்லன்னு சொல்லு பாக்கலாம்."

"சொன்னேன்" என்றாள். கடப்பாரையை ஊன்றி நிமிர்ந்தாள். "பொய்தான் சொன்னேன்."

அவன் சண்டைக்குத் தயாராக நின்றவன். இல்லை என்பாள், கத்துவாள், தானும் கத்தலாம் என்று இருந்தான். காலுக்கடியில் தரையை உருவியது போல ஆகிவிட்டது.

"இப்ப சொல்லி? அந்த பார்க் வேல திரும்ப வருமா?"

"வராது."

"மன்னிப்புக் கேக்கறியா?"

"இல்ல. பொய்னு சொன்னேன், அவ்ளோதான். நீ சொன்ன கை நடுக்கமும் பொய்தான். உனக்கும் தெரியும்."

அவன் அவள் கைகளைப் பார்த்தான். மண்ணும் காய்ப்புமாக, கடப்பாரையைப் பிடித்தபடி, அசையாமல் இருந்தன. கேட் வரைக்கும் போய்க் குழாயடியில் முகம் கழுவிவிட்டு வந்தான். திரும்ப உட்கார்ந்தான், ஆனால் எண்ணவில்லை. பதின்மூன்றிலிருந்து இருபத்திரண்டு வரைக்கும் தோட்டத்தில் கடப்பாரைச் சத்தம் மட்டும்தான்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் அவள் திரும்பப் பாவினாள். இந்தமுறை வெள்ளைக் கோட்டிலிருந்து நூலை இழுத்துக் கட்டினாள். அதற்கு அவன் ஒரு செருமல் செருமினான், அவள் அதற்குப் பதிலாகத் துப்பினாள். அவன் ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவன் மட்டும் தினமும் வந்து உட்கார்ந்திருந்தான், கடைசி வரிசையில் அவள் கை முதலில் பட்டுவிடக் கூடாதென்று. நடுவில் மிஞ்சிய ஓரடி இடைவெளிக்கு அவனே பாதையின் முழு அகலத்துக்கும் நாலடி நீளத்தில் ஒரே கல்லாக அறுத்துக் கொண்டுவந்திருந்தான். அதை ஒற்றை ஆள் தூக்க முடியாது, நடத்தவும் இடமில்லை. செவ்வாய் மாலை ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்தார்கள். அவள் பக்கம் தாழ்கிறது என்று அவன் சொன்னான். உன் பக்கம்தான் ஏறுகிறது என்று அவள் சொன்னாள். இறக்கினார்கள். ரசமட்டத்தை அவள் வைத்தாள். குமிழ் நடுவில் நின்றது. அவன் தன் ரசமட்டத்தை எடுத்து அதே இடத்தில் வைத்துப் பார்த்தான். அதிலும் நின்றது. இதைவிட அவமானமாக ஒருவரை ஒருவர் நம்பாமல் இருக்க முடியாது என்று ஜன்னலிலிருந்து பார்த்த வீட்டம்மா நினைத்திருப்பார்.

புதன்கிழமை பத்து மணிக்கு வேன் வந்தது. கூலி வாங்க இரண்டு பேரும் வந்திருந்தார்கள், தோட்டத்தின் ஆளுக்கொரு ஓரத்தில். வீட்டுக்காரரை நாற்காலியில் இறக்கினார்கள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. முப்பத்தெட்டு வருடம் அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம் என்று அவர் புருவத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வீட்டம்மா பின்னாலிருந்து தள்ளினார். கேட்டிலிருந்து மரம் வரைக்கும் சக்கரம் சத்தமில்லாமல் ஏறியது. நடுக் கல்லைத் தாண்டியது. அதிர்வே இல்லை. அவளும் அவனும் சக்கரத்தையே பார்த்தார்கள். அறை வாசலில் நாற்காலி நின்றதும் வீட்டுக்காரர் நல்ல கையைத் தூக்கிப் பின்னால் காட்டி, வார்த்தையை இழுத்து இழுத்துச் சொன்னார்.

"கோ... ணல்."

"எங்க கோணல்?" என்று இரண்டு ஓரத்திலிருந்தும் ஒரே நேரத்தில் குரல் வந்தது.

வீட்டம்மா, கட்டிக்கொண்ட நாளிலிருந்து தான் செய்தது எல்லாமே இவருக்குக் கோணல்தான், விடுங்கள் என்றார். அவர்கள் விடவில்லை. மேஸ்திரி பையிலிருந்து நூல்கண்டை எடுத்தான். அவள் மறு முனையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு கேட்டுக்கு நடந்தாள். பாதை ஓரத்தோடு ஒட்டி நூலை விறைப்பாக இழுத்துப் பிடித்தார்கள். அறுபது அடியிலும் கல் விளிம்பு நூலைத் தொட்டும் தொடாமலும் ஓடியது.

"நல்லா பாருங்க சார்" என்றான் மேஸ்திரி, சண்டைக்குக் கூப்பிடுகிற குரலில்.

நோயாளி பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவ்வளவு பெரிய மனிதரிடமிருந்து அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

நூலைச் சுற்றிக்கொண்டு அவன் லாரியில் ஏறினான். அவள் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு எதிர்த் திசையில் போனாள். போய்வருகிறேன் என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் அவர்களுக்குள் போக்குவரத்து இல்லை. அக்கா மட்டம் தப்பிப்போய் இருபத்திரண்டு கல்லைப் பிரித்தாள் என்று அவன் ஊரெல்லாம் சொன்னான். வேலைக்குப் பேச வருகிறவர்கள் தயங்கித் தயங்கி அதைக் கேட்டால், ஆமாம், தப்புதான், நானே பிரித்து நானே போட்டேன், வேண்டுமானால் போய்ப் பாருங்கள் என்று முகவரி கொடுத்தாள். சிலர் போய்ப் பார்த்துவிட்டு வந்து வேலை கொடுத்தார்கள். ஒருத்தர் போய்ப் பார்த்துவிட்டு மேஸ்திரிக்கே கொடுத்தார்.

ஆறு மாதம் கழித்து ஒரு கடைக்காரர், உங்கள் தம்பி வேலை எப்படி, நம்பிக் கொடுக்கலாமா என்று அவளிடமே வந்து கேட்டார். அவள் கையிலிருந்த கல்லைத் தட்டிச் சத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேல சுத்தமா இருக்கும்" என்றாள். "ஆளுதான் சரியில்ல. தள்ளி நில்லுங்க, வெயில மறைக்கறீங்க."